புதுப் பெயிண்ட் வாசனை வந்தால் சுவரைத் தட்டிப் பாருங்கள்: குமரி மாவட்டத்தில் பழைய வீடு வாங்க முழு வழிகாட்டி

தக்கலைப் பக்கம் நான் வாங்கின வீட்டு ஹாலில், ஒரே ஒரு சுவரில் மட்டும் மூன்றடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டியிருந்தது. "இது எதுக்கு?" என்று கேட்டேன். "பிள்ளைய கிறுக்காம இருக்கதுக்காக்கும் சார்" என்றார் புரோக்கர். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். கிறுக்குகிற பிள்ளை மற்ற மூன்று சுவரை மட்டும் ஏன் விட்டுவைத்தது என்று கேட்கத் தோன்றவில்லை. அந்த வருஷ இடவப்பாதி மழை (ஜூனில் வருகிற தென்மேற்குப் பருவமழை) தொடங்கி மூன்றாவது வாரம், டைல்ஸுக்கு மேலே பூச்சு பொரிந்து உதிர ஆரம்பித்தது. டைல்ஸைப் பெயர்த்தால் உள்ளே சுவர் அவித்த மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) மாதிரி இருந்தது, விரலால் கிள்ளி எடுக்கலாம்.

அதற்கப்புறம் சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று யார் வீடு பார்க்கப் போனாலும் என்னையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். நான் இன்ஜினியர் இல்லை. போகிற வீட்டில் எல்லாம் மனசுக்குள் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு சுற்றுவேன்: "இங்கே மட்டும் ஏன்?" ஒரு சுவரில் மட்டும் புது பெயிண்ட், ஒரு அறையில் மட்டும் ஃபால்ஸ் சீலிங், ஒரு கதவில் மட்டும் புதுத் தாழ்ப்பாள். பழசாக இருப்பது குற்றம் இல்லை. பழசுக்கு நடுவில் புதுசாக ஒன்று தனியாக நின்றால் அங்கேதான் நின்று பார்க்க வேண்டும்.

முதல் வேலை: எப்போது போவது, எதை எடுத்துப் போவது

நம்ம மாவட்டத்துக்கு ஒரு வசதி உண்டு. ஜூனில் தென்மேற்கு, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு என்று இரண்டு மழையும் இங்கே பெய்கிறது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலைதான் வீடு பார்க்க நல்ல நேரம். பங்குனி வெயிலில் எல்லா வீடும் நல்ல வீடுதான். இரண்டு முறையாவது போங்கள், ஒருமுறை புரோக்கரோடு, ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் தெருவுக்கு மட்டும்.

ஒரு டார்ச், ஒரு கோலிக்குண்டு, ஒரு ரூபாய் நாணயம், பென்சில், அளவு டேப், ஒரு சின்ன ஸ்குரூ டிரைவர், உள்ளே இருப்பது தெரிகிற ஒரு காலி பாட்டில். இவ்வளவு போதும். போனில் படம் எடுக்கும்போது சுவரை நேராக எடுக்காதீர்கள், டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்து எடுங்கள், பட்டி பார்த்து மறைத்த ஒட்டுப்போட்ட இடமெல்லாம் மேடு பள்ளமாகத் தெரியும்.

வீட்டுக்குள் போகும் முன்பு தெருவைப் படியுங்கள்

வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தாமல் தெரு முனையில் நிறுத்துங்கள். பக்கத்து வீடுகளின் படிகளை எண்ணுங்கள். எல்லா வீட்டுக்கும் ஐந்து படி, நீங்கள் வாங்கப்போகிற வீட்டுக்கு மட்டும் இரண்டு படி என்றால் மற்றவர்கள் ஏதோ ஒன்றைப் பார்த்துப் பயந்துதான் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் மோட்டாரை இடுப்பளவுத் திண்டில் வைத்திருக்கிறார்களா, காம்பவுண்டுச் சுவரில் தரையிலிருந்து ஒரே உயரத்தில் மங்கலாக ஒரு கோடு ஓடுகிறதா, கேட்டின் அடிப்பாகம் மட்டும் துருவேறித் தின்று போயிருக்கிறதா, எல்லாம் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன. 2021 நவம்பர் மழையில் மாவட்டத்தில் நிறைய தெருக்களில் தண்ணீர் புகுந்தது. அந்தக் கோடு அப்போது வந்ததாக இருக்கலாம், அதற்கு முன்பே வருஷா வருஷம் வருவதாகவும் இருக்கலாம்.

எதிர்வீட்டுப் பாட்டியிடம் பேச்சுக்கொடுங்கள். "வெள்ளம் ஏறுமா?" என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள், விளவங்கோடு பக்கம் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீரும் வெள்ளம்தான், "மோட்டார் போட்டா ஏறும் மக்களே" என்று பதில் வரும். "ஐப்பசியில எந்தப் படி வரைக்கும் வந்தது?" என்று கேளுங்கள். வருமா என்று கேட்டால் இல்லை என்று சொல்வது சுலபம். எந்தப் படி என்று கேட்டால் கை தானாகப் படியைக் காட்டும். "ஓகி அன்னைக்கு இந்த வீட்ல என்ன போச்சு?" என்றும் கேளுங்கள். ஓகி புயல் அடித்த 2017 நவம்பர் 30ஐ இங்கே யாரும் மறக்கவில்லை, ஓடு போனதா, மரம் விழுந்ததா, எத்தனை நாள் கரண்ட் இல்லை என்று கேட்காமலே சொல்வார்கள்.

ஊர்ப் பெயரும் ஒரு குறிப்புதான். விளை என்று முடிந்தால் பெரும்பாலும் மேட்டு நிலம், தோப்பு. குளம், ஏலா (வயல்வெளி), தோடு (ஓடை) என்று பெயரில் இருந்தால் தண்ணீர் அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தது என்று அர்த்தம். பெயரை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், குளத்துக்குப் பக்கத்து மேட்டுக்கும் அந்தக் குளத்தின் பெயர்தான் இருக்கும். ஆனால் பெயரில் ஏலா, வீட்டுப் பின்புறம் சேம்பு காடாக வளர்ந்திருக்கிறது, தென்னைகள் எல்லாம் ஒரே வயசில், வெட்டிக் கூட்டின மண்மேட்டில் வரிசையாக நிற்கின்றன, இந்த மூன்றும் சேர்ந்தால் அது வயலை நிரத்தின (மண் போட்டு நிரப்பிச் சமப்படுத்தின) மனை என்றே நினைத்துக்கொண்டு உள்ளே போங்கள்.

கூரை

இருபது அடி தள்ளி நின்று முகட்டைப் பாருங்கள். ஓட்டு வீடு என்றால் முகடு நேர்கோடாக இருக்க வேண்டும், நடுவில் தொய்ந்திருந்தால் உள்ளே ஒரு கழுக்கோலோ (ஓட்டைத் தாங்குகிற சாய்வு மரம்) உத்திரமோ தளர்ந்துவிட்டது. உள்ளே போய் பகலில் விளக்கை அணைத்து, ஜன்னலை மூடிவிட்டு மேலே பாருங்கள். வெளிச்சப் புள்ளி தெரிகிற இடமெல்லாம் மழையில் சொட்டும். கழுக்கோல் சுவரில் உட்காருகிற நுனியை மட்டும் விடாமல் பாருங்கள், மரம் முதலில் இற்றுப்போவது அங்கேதான். அயனி, பலா, தேக்கு, முற்றின பனை என்றால் தைரியமாக இருக்கலாம். நடுவில் ஒன்றிரண்டு மட்டும் வேறு நிறத்தில் இருந்தால், நம்ம கேள்வி: இங்கே மட்டும் ஏன்?

ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் ஓட்டு விளிம்பில் சிமெண்ட் பூசியிருந்தால் பயப்பட வேண்டாம், அங்கே அடிக்கிற காற்றுக்கு அது தேவை. அதே சிமெண்ட் பூச்சு மார்த்தாண்டத்தில் இருந்தால் காரணம் கேளுங்கள்.

கான்கிரீட் வீடு என்றால் தளத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். நேர் நேராகப் பழுப்புக் கோடுகள் தெரிந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைக்கும், அதனால் கான்கிரீட்டை உள்ளேயிருந்து பிளந்து தள்ளும். நாணயத்தால் தட்டிப் பாருங்கள், பொத்துப் பொத்தென்று சத்தம் வந்தால் பிளந்துவிட்டது. ஒரு அறைக்கு மட்டும் ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால் ஒரு விளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக மேலே டார்ச் அடிக்கச் சொல்லிக் கேளுங்கள். முகம் மாறுகிறதா என்று பாருங்கள், அதுவும் ஒரு தகவல்.

கடற்கரைப் பக்கம் இன்னொன்று. பூச்சு உதிர்ந்த இடத்தில் மணலைக் கையில் எடுத்து வெயிலில் பாருங்கள். பொடிச் சிப்பித் துண்டுகள் இருந்தால் கடல் மணல் கலந்து கட்டியிருக்கிறார்கள். அந்த உப்புதான் கம்பியைத் தின்கிறது. ஜன்னல் கீல், ஃபேன் மூடி எல்லாம் துருவேறியிருப்பது குளச்சலிலோ கன்னியாகுமரியிலோ சாதாரணம், அதற்காக வீட்டை வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

சுவர்: அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம்

ஈரம் மூன்று வழியில் வரும். மூன்றுக்கும் செலவு வேறு வேறு, அதனால் எது என்று தெரிந்தே ஆக வேண்டும்.

கீழிருந்து ஏறுவதை ஓதம் என்கிறோம். அது பெரும்பாலும் மூன்றடி உயரத்துக்குள் நின்றுவிடும், மேல் விளிம்பில் அலை அலையாக ஒரு கோடு, அதை ஒட்டி வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். மேலிருந்து ஒழுகுவது ஒரு இடத்தில் திட்டாக ஆரம்பித்துக் கீழே வடியும், மழைக்குக் கருக்கும், வெயிலுக்கு வெளிறும். மூன்றாவது, பக்கவாட்டில் வருவது: பாத்ரூமுக்கு மறுபக்கத்துச் சுவர், சமையலறை சிங்குக்குப் பின்புறம். இது மழைக்கும் வெயிலுக்கும் மாறாது, வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்கும். மாறவே இல்லை என்றால் குழாய்தான் என்று தெரிந்துகொள்ளலாம்.

மறைக்கிற வழிகளும் எனக்கு இப்போது மனப்பாடம். மூன்றடி டைல்ஸ் (என் கதை), மூன்றடி உயரத்துக்கு மட்டும் வேறு நிறப் பெயிண்ட், சுவரை விட்டு நகராத பீரோ, ஆள் உயரத்தில் மாட்டாமல் முழங்கால் உயரத்தில் மாட்டின காலண்டர். கடைசியாகச் சொன்னதைக் கருங்கலில் ஒரு வீட்டில் நிஜமாகவே பார்த்தேன். பிளக் பாயிண்டுகளைப் பாருங்கள். தரைக்குப் பக்கத்திலிருந்த பிளக்கை மூடிவிட்டு இடுப்பு உயரத்துக்கு மாற்றியிருந்தால் அங்கே எப்போதோ ஷாக் அடித்திருக்கலாம். உள்ளே போனதும் சாம்பிராணி வாசனை தூக்கலாக இருந்தால், வெள்ளிக்கிழமை என்றால் மன்னித்துவிடலாம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் என்றால் ஜன்னலை எல்லாம் அடைக்கச் சொல்லி பத்து நிமிஷம் உள்ளேயே உட்காருங்கள். பூசண வாடை மெல்ல வெளியே வரும்.

சந்தேகம் தீரவில்லையா? ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிட்டு இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் முத்து முத்தாகத் தண்ணீர் இருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. தாளின் வெளிப்பக்கம் ஈரம் என்றால் அறைக்குக் காற்றோட்டம் போதவில்லை, அவ்வளவுதான். ஒட்டவே விடமாட்டேன் என்று விற்கிறவர் சொன்னால் ஒட்டாமலே விடை கிடைத்துவிட்டது.

விரிசலும் கதவும்

சிலந்தி வலை மாதிரி மயிரிழை விரிசல் பூச்சு காயும்போது வருவது, விடுங்கள். தளத்துக்குச் சற்றுக் கீழே படுக்கையாக ஓடுவது பெரும்பாலும் வெயிலுக்குத் தளம் விரிந்து சுருங்குவதால். பழைய வீட்டையும் பிறகு இழுத்துக் கட்டின சாய்ப்பையும் சேர்க்கிற இடத்தில் செங்குத்தாகப் பிளந்திருந்தால் இரண்டையும் சரியாகக் கோர்க்கவில்லை. ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி சாய்வாக ஏறுகிறதே, அதுதான் ஆபத்து. அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குகிறது. நிரத்தின மனை என்று தெருவிலேயே சந்தேகம் வந்திருந்தால் இதைத் தேடியே போங்கள்.

விரிசலின் விளிம்பு கூர்மையாக, உள்ளே வெளுப்பாக இருந்தால் புதுசு. உள்ளே பெயிண்டும் ஒட்டடையும் இருந்தால் பழசு, ஒருவேளை நின்றுவிட்டது. இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள், அடுத்த தடவை போகும்போது கோட்டைத் தாண்டியிருந்தால் வளர்கிறது. 5 மில்லிமீட்டர் தாண்டின, வளர்கிற விரிசல் என்றால் காசு கொடுத்து ஒரு இன்ஜினியரைக் கூட்டிப்போங்கள், இதற்கு மேல் நானும் நீங்களும் பேசி முடிவு செய்கிற விஷயம் இல்லை.

சுவரைப் பூசி மறைக்கலாம், கதவை மறைப்பது கஷ்டம். கதவின் மேல் விளிம்பை விரலால் தடவுங்கள், சமீபத்தில் இழைத்திருந்தால் பெயிண்ட் இல்லாத பச்சை மரம் தட்டுப்படும். தரையில் வில் மாதிரி கீறல், கீழே இறக்கித் திரும்பப் பொருத்தின தாழ்ப்பாள் ஓட்டை, இவையெல்லாம் நிலை சாய்ந்ததற்கு அடையாளம். கோலிக்குண்டைத் தரையில் வையுங்கள். பாத்ரூமில் உருள வேண்டும், ஹாலில் உருளக்கூடாது. பிள்ளைகள் கூட வந்திருந்தால் இந்த வேலையை அவர்களிடம் கொடுத்துவிடலாம்.

சிதல்

சிதல் என்றால் கரையான். நிலைப்படி, ஜன்னல் சட்டம், மாடிப்படிக்கு அடி, இங்கெல்லாம் ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டுங்கள். பெயிண்ட் பளபளவென்று இருந்து சத்தம் மட்டும் டப்பா மாதிரி வந்தால் உள்ளே ஒன்றும் இல்லை. சுவரில் மண் கோடு தெரிந்தால் நடுவில் ஒரு விரல் அகலம் உடைத்துவிட்டு வாருங்கள். ஒரு வாரத்தில் அடைத்திருந்தால் சிதல் உயிரோடு இருக்கிறது. வண்டு துளைத்த மரத்தடியில் மாவு மாதிரி தூள் இருந்தால் துடைத்துவிட்டு வாருங்கள், மறுபடி விழுந்திருக்கிறதா என்று பார்த்தால் தெரியும்.

கிணறும் செப்டிக் டேங்கும்

கிணற்றுக்குள் டார்ச் அடித்தால் பாசிக் கோடு தெரியும், மழைக்காலத்தில் தண்ணீர் அதுவரை வரும். கோடைக்கு என்ன ஆகும் என்பதைப் பக்கத்து வீட்டில்தான் கேட்க வேண்டும். பாட்டிலில் பிடித்து ஒரு ராத்திரி வையுங்கள், தெளிவாக இருந்தது காலையில் காவியாக மாறினால் இரும்பு அதிகம். பாத்ரூம் டைல்ஸில் காவிக் கறை இல்லையே என்று சந்தோஷப்படாதீர்கள், டைல்ஸின் மினுக்கம் போய், இடைவெளி சிமெண்ட் அரித்திருந்தால் ஆசிட் ஊற்றிக் கழுவியிருக்கிறார்கள். தண்ணீர் மேல் எண்ணெய் மாதிரி வானவில் படலம் மிதந்தால் குச்சியால் கலைத்துப் பாருங்கள். துண்டு துண்டாக உடைந்தால் இரும்பால் வருகிற பாக்டீரியா, உடம்புக்குப் பெரிய ஆபத்து இல்லை. கலைத்தும் சுழன்று மறுபடி சேர்ந்தால் நிஜமாகவே எண்ணெய்.

கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் 50 அடியாவது வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஐந்து சென்ட் என்பது 2,178 சதுர அடி, சதுரமாக எடுத்தால் ஒரு பக்கம் 47 அடிகூட வராது. ஆக ஐந்து சென்ட் வீட்டில் கிணறும் டேங்கும் சேர்ந்து இருந்தால் உங்கள் டேங்கையும் அளக்க வேண்டும், மதிலுக்கு அந்தப் பக்கத்து டேங்கையும் அளக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரிடம் டேங்க் எங்கே என்று கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். கேளுங்கள்.

கரண்ட் மீட்டர்

எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு மீட்டரின் சின்னச் சிவப்பு விளக்கைப் பாருங்கள். அப்போதும் மினுக்கினால் எங்கோ கசிகிறது, அல்லது இந்த மீட்டரிலிருந்து வேறு எங்கோ லைன் போகிறது. பழைய ரீடிங் கேளுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுப்பார்கள், தொடர்ந்து ஒன்றுமே ஓடவில்லை என்றால் "போன மாசம் வரைக்கும் இருந்தோம்" என்ற பேச்சு பொய். பூட்டிக் கிடந்த வீடு கேவலம் இல்லை, ஏன் பூட்டிக் கிடந்தது என்பதுதான் கேள்வி.

பத்திரம்

நான் இங்கே நின்று நிதானமாகப் படிப்பேன். ஒரிஜினல் கேட்டால் ஜெராக்ஸ் காட்டி, "ஒரிஜினல் லாக்கர்ல பத்திரமா இருக்கு" என்றால் அது வங்கியில் அடமானத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். லாக்கரைத் திறந்து எடுக்க அரை மணி நேரம் ஆகும், ஒரு வாரம் ஆகாது.

வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே பாருங்கள், அவர்கள் கொடுக்கிற தாளை நம்பாதீர்கள். அதில் பதிவான விவகாரம் மட்டும்தான் வரும், வாய்வழியாகப் பேசின ஒற்றி (பணம் வாங்கிக்கொண்டு, வட்டிக்குப் பதில் வீட்டை அனுபவிக்க விடுவது) வராது. வீட்டில் குடியிருப்பவர் வாடகை எவ்வளவு என்று சொல்லத் தயங்கினால், அவர் வாடகைக்காரர் இல்லை, ஒற்றிக்காரராக இருக்கலாம். நேராக அவரிடமே கேளுங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை நான்கு எல்லை. இப்போதைய பத்திரத்தையும் அதற்கு முந்தின மூன்று பத்திரத்தையும் வரிசையாக வைத்து எல்லையை மட்டும் படியுங்கள். கிழக்கு எல்லை "குளம்" என்று இருந்தது, அடுத்ததில் "குளத்தங்கரை" ஆகி, அப்புறம் "பொதுவழி" ஆனால், நடுவில் ஏதோ ஒரு வருஷம் யாரோ குளத்தைத் தின்றிருக்கிறார்கள். புறம்போக்கு என்று ஒருநாள் அளக்க ஆள் வந்தால் நிற்கப்போவது நீங்கள். பரப்பையும் பாருங்கள், பழைய பத்திரத்தில் எட்டு சென்ட், வழிக்கு விட்டது போக இப்போதும் எட்டு சென்ட் என்றால் கணக்கு உதைக்கிறது. சிட்டாவில் நஞ்சை என்று இருந்து தரையில் வீடு நின்றால் தெருவில் பார்த்த தென்னை வரிசை ஞாபகத்துக்கு வர வேண்டும். பழைய சர்வே எண்ணும் ரீசர்வே எண்ணும் இரண்டும் இருக்கிறதா, புல வரைபடத்தோடு ஒத்துப்போகிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டிக் கேளுங்கள்.

1956 நவம்பர் 1க்கு முன்பு நாம் திருவிதாங்கூரில் (1949க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியில்) இருந்தோம் என்பதால் அந்தக் காலத்துப் பிரமாணங்கள் (பத்திரங்கள்) பெரும்பாலும் மலையாளத்தில், கொல்லம் ஆண்டில் இருக்கும். 1100 என்று பார்த்தால் ஆயிரம் வருஷப் பத்திரம் என்று மிரள வேண்டாம், 825ஐக் கூட்டினால் ஏறத்தாழ வருஷம் வந்துவிடும், அதாவது 1924-25. "அது மலையாளம் சார், நமக்குத் தேவையில்ல" என்று ஒதுக்கி வைக்கிற தாளைத்தான் முதலில் படிக்கச் சொல்லுங்கள். பழைய பத்திரம் எழுதுகிறவர்களில் மலையாளம் படிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாகம் பிரிக்காத பங்கு, அக்காவுக்கு விட்ட வழி, கிணற்றில் அண்ணனுக்கு உள்ள உரிமை எல்லாம் அதில் இருக்கும். கையெழுத்துப் போட வேண்டிய வாரிசுகளை எண்ணுங்கள். "ஒரு தங்கச்சி கல்ஃப்ல இருக்கு, அது ஒண்ணும் சொல்லாது" என்றால், அந்தத் தங்கச்சி எழுதிக் கொடுக்கும்வரை பொறுங்கள்.

கடலுக்குப் பக்கம் என்றால் இன்னொன்று, உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் வரும். இடித்துக் கட்டலாம் என்ற கனவோடு வாங்குகிறவர்கள் அனுமதி கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள்.

எல்லாம் பார்த்த பிறகு

வீட்டுக்கு வந்து ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். காசு போட்டால் சரியாகிறது (ஓடு, குழாய், கதவு), காசு போட்டாலும் திரும்ப வருவது (ஓதம், நிரத்தின மண், உப்புக் கம்பி), காசே போட முடியாதது (எல்லை, வாரிசு, தண்ணீர் வருகிற வழி). முதல் பத்தியை விலை குறைக்கப் பயன்படுத்துங்கள். இரண்டாவதுக்கு ஒரு மேஸ்திரியைக் கூட்டிப்போய் மதிப்புப் போடச் சொல்லுங்கள், புரோக்கர் கூட்டிவருகிற மேஸ்திரி வேண்டாம். மூன்றாவது பத்தியில் ஒன்று இருந்தாலும் நான் எழுந்து வந்துவிடுவேன். தனியாக ஒரு அடையாளத்தை மட்டும் வைத்து யாரையும் கள்ளன் என்று முடிவு கட்டாதீர்கள், பிள்ளை கிறுக்கினதற்காக டைல்ஸ் ஒட்டின வீடும் எங்கேயாவது இருக்கத்தான் செய்யும். இரண்டு மூன்று சேர்ந்து ஒரே பக்கம் கை காட்டினால்தான் கணக்கு.

அட்வான்ஸ் அன்றைக்கே கொடுக்காதீர்கள். "சாயங்காலம் வேற பார்ட்டி வருது சார்" என்று எனக்கும் சொன்னார்கள், கொடுத்தேன். வீடு எட்டு மாசமாக விற்காமல் கிடந்தது என்று பிறகு எதிர்க்கடை டீ மாஸ்டர் சொன்னார். அட்வான்ஸ் கொடுத்த நாளில் அவர் கடையில்தான் உட்கார்ந்து டீ குடித்தேன், ஒரு வார்த்தை கேட்கவில்லை.